கிளினிக்கில் ஒரு தாளை நீட்டினால்: மருந்துச் சோதனை பற்றி வன்னியில் கேட்கும் கேள்விகள்

நான் டொக்டரும் இல்லை, மிஸ்ஸும் இல்லை. வவுனியாவிலும் கிளிநொச்சிப் பக்கத்திலும் சில வருடம் மருத்துவ ஆராய்ச்சிகளுக்குக் கள உதவியாளராக இருந்தவன். கிளினிக் வாங்கில் காத்திருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்து, அவர்கள் கையில் இருக்கும் தாளை வாசித்துக் காட்டுவதுதான் பெரும்பாலும் என் வேலை. அந்த வேலை முடிந்து நாளாகிவிட்டது, கேள்விகள்தான் முடியவில்லை. செத்தவீடு, பஸ், சலூன் என்று எங்கே கண்டாலும் யாராவது ஒருவர் கிளினிக் கொப்பியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்த தாளை எடுத்து நீட்டுவார். "தம்பி, இதில என்ன கிடக்கு எண்டு ஒருக்காப் பார்."

கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். உங்கள் வருத்தத்துக்கு எந்த மருந்து நல்லது என்று இதில் தேடாதீர்கள். அதை உங்களைப் பார்க்கும் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கிளினிக்கல் ட்ரையல் எண்டால் கிளினிக்கில குடுக்கிற மருந்துதானே?

இல்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. கிளினிக்கில் தரும் மெற்போமின், அம்லோடிப்பின் குளிசைகள் ஏற்கெனவே பலன் உறுதியானவை. உங்கள் சீனியும் பிரஷரும் குறைய வேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம். கிளினிக்கல் ட்ரையலில் இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வி இருக்கும். புது மருந்து பழையதை விட நல்லதா? இந்த ஊசியை முதலே போட்டால் ஒவ்வாமை குறையுமா? சம்மதிக்கும் நோயாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிய திட்டப்படி சிகிச்சை கொடுத்து, என்ன நடக்கிறது என்று குறித்து வைத்து, விடையைக் கண்டுபிடிப்பார்கள். உங்களுக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

தமிழில் இதை மருந்துச் சோதனை என்று எழுதுகிறேன். சோதனை என்றதும் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஓமந்தை ஆமிச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டியது ஞாபகம் வரும். அதை விடுங்கள், ஓ.எல். சோதனையை நினையுங்கள். இங்கே சோதனைக்குத் தோற்றுவது மருந்து. பாஸ், பெயில் எல்லாம் அதற்குத்தான், உங்களுக்கு இல்லை.

எலியை வைச்சுச் செய்யிற மாதிரி எங்களை வைச்சுப் பாக்கினமோ?

எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஆனால் இந்தப் பயத்தை நான் பகிடி பண்ண மாட்டேன், அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களை, வருத்தம் எப்படி முற்றுகிறது என்று சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த மனிதர்களுக்கு உண்மை சொல்லப்படவும் இல்லை. நாசி முகாம்களில் கைதிகளுக்கு நடந்தது இன்னும் மோசம்.

இப்படியான கொடுமைகளால் வந்தவைதான் இன்றைய விதிகள். நாசி டொக்டர்மாரை விசாரித்த வழக்கின் முடிவில், 1947 இல் நூரம்பேர்க் விதிகள் வந்தன. 1964 இல் உலக மருத்துவச் சங்கம், மனிதரிடம் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கான ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது, கடைசியாக 2024 இலும் அதைத் திருத்தினார்கள். இலங்கையில், ஆராய்ச்சி ஆட்களுக்கு நியாயமானதா என்று முதலே பார்க்கிற ஒரு ஒழுக்கவியல் மீளாய்வுக் குழு அனுமதி கொடுக்காமல் சோதனை தொடங்கக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் இப்படி ஒரு குழு இருக்கிறது. புது மருந்து என்றால், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும்.

போன முறை வந்து இரத்தமும் சலமும் எடுத்துக்கொண்டு போச்சினம். அதுவும் ட்ரையலோ?

பெரும்பாலும் இல்லை. வவுனியா மாவட்டத்தில் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் இருப்பதால், ஆராய்ச்சிக்காரர் வந்து இரத்தம், சிறுநீர், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் எடுப்பார்கள். அது அவதானிப்பு ஆய்வு, உள்ளதை உள்ளபடி பார்ப்பது. மருந்தோ வேறு சிகிச்சையோ கொடுத்து, அதனால் என்ன மாறுகிறது என்று பார்த்தால்தான் ட்ரையல். இரண்டுக்கும் உங்கள் சம்மதம் வேண்டும்.

ஒரு குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்த ஒரு ஆய்வில், முடிவை வந்து சொல்வோம் என்று சொல்லி இரத்தம் எடுத்தோம். யாரும் திரும்பிப் போகவில்லை. அந்த ஊர் ஐயா ஒருவர் இப்போதும் என்னைச் சந்தையில் கண்டால், "என்ர இரத்தம் என்ன சொல்லுதாம் தம்பி?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. ஆகவே ஊசி குத்த முன்னமே கேளுங்கள்: முடிவு எனக்கு வருமா, எப்போது, யார் மூலம்?

உதெல்லாம் வெளிநாட்டில, மிஞ்சிப்போனால் கொழும்பில. எங்கட பக்கம் நடக்குமோ?

எங்கள் வயல் வரப்பில் நடக்கிற விஷயங்களுக்கே இலங்கையில் சோதனை நடந்திருக்கிறது. பாம்புக்கடியை எடுங்கள். புடையன் கடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். ஏற்றியதும் சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு இழுக்கும், பிரஷர் விழும். விஷத்திலிருந்து காப்பாற்ற வந்த மருந்தே ஆளை விழுத்தும். இதைத் தடுக்க ஏற்ற முன்னம் அட்ரினலின், ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெதசின் என்ற மூன்றில் எதைக் கொடுக்கலாம் என்று இலங்கை ஆஸ்பத்திரிகளில் 1007 பேரிடம் சோதித்து 2011 இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் தெரிந்தது, 100 பேரில் 75 பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்தது. பிறகு, குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தால் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. மற்ற இரண்டாலும் பலன் இல்லை. அட்ரினலினோடு ஹைட்ரோகோர்ட்டிசோனையும் சேர்த்தால் அட்ரினலினின் பலனும் இல்லாமல் போனது.

பிரஷருக்கும் நடந்திருக்கிறது. மூன்று மருந்தைச் சிறு அளவில் சேர்த்துச் செய்த ஒரே குளிசையை, இலங்கையின் ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரிடம் வழமையான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். 2018 இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 சதவீதமானவர்களுக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது, மற்றவர்களில் 55 சதவீதம். ஏ9 இல் பஸ் ஏறினால் போய்ச் சேருகிற அனுராதபுரத்திலும் சில பெரிய சோதனைகள் நடந்திருக்கின்றன. அதில் ஒன்று அடுத்த பதிலில்.

மருந்து நல்லதெண்டு டொக்டர்மாருக்குத் தெரிஞ்சால் நேரா எல்லாருக்கும் குடுக்கலாமே. ஏன் இழுத்தடிக்கிறது?

தெரியும் என்று நினைப்பது வேறு, தெரிவது வேறு. ஹைட்ரோகோர்ட்டிசோன் பாம்புக்கடி ஒவ்வாமையைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்துவந்தவர்கள் கெட்டிக்கார டொக்டர்மார்தான். சோதித்த பிறகுதான் மேலே சொன்னது தெரிந்தது.

நஞ்சு உட்கொண்டு வருகிறவர்களுக்கு மருத்துவக் கரி கொடுப்பதும் அப்படித்தான். கரி நஞ்சை உறிஞ்சும், அப்படியென்றால் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? கேட்க நியாயமாக இருக்கிறது. அனுராதபுரம் உட்பட மூன்று ஆஸ்பத்திரிகளில் 4632 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். பல தடவை கரி கொடுத்தவர்களில் இறந்தவர்கள் 6.3 சதவீதம், ஒரு தடவை கொடுத்தவர்களில் 7.1, கொடுக்காதவர்களில் 6.8. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2008 இல் வந்த இந்த முடிவு இல்லாவிட்டால், வாட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கறுப்புக் கரைசலைத் திரும்பத் திரும்பப் பருக்குவதே நல்ல வைத்தியம் என்று இன்றும் நினைத்துக்கொண்டிருப்போம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கொரோனாக் காலத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய சோதனையில், டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது தெரிந்தது. எல்லாரும் பெரிதாகப் பேசிய ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அதே சோதனையில் பெயில்.

தாளில "மூண்டாம் கட்டம்" எண்டு கிடக்கு. வருத்தம் முத்திப்போச்சோ?

பதறாதீர்கள், அது வருத்தத்தின் கட்டம் இல்லை, சோதனையின் கட்டம். முதலாம் கட்டத்தில் 20 முதல் 100 பேர் வரை இருப்பார்கள், பெரும்பாலும் சுகமாக இருக்கிறவர்கள். புற்றுநோய் மருந்து என்றால் நோயாளர்களே. எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பது இங்கேதான். இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளர்கள், மருந்து வேலை செய்யும் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க. மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்கள், பழைய சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பீடு. நாலாம் கட்டம் மருந்து விற்பனைக்கு வந்த பிறகு.

முதலாம் கட்டத்துக்குள் போகும் மருந்துகளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்றுதான் கடைசியில் பாமசிக்கு வருகிறது. கட்டம் குறையக் குறைய அந்த மருந்தைப் பற்றித் தெரிந்ததும் குறைவு. ஆகவே எந்தக் கட்டம் என்று கேட்பது நல்ல கேள்வி.

எனக்கு எந்த மருந்து எண்டு டொக்டருக்கே தெரியாதாம். உது என்ன விளையாட்டு?

ஒரு முறை கிளினிக் வாங்கில் ஒரு அம்மாவுக்குத் தாளை வாசித்துக்கொண்டிருந்தேன். "நீங்கள் எழுமாற்றாக ஒரு குழுவில் சேர்க்கப்படுவீர்கள்" என்று வாசித்ததும் என் கையைப் பிடித்தார். "நில்லு தம்பி. என்ன மாற்று? ஏமாற்றோ?" வாங்கில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் திருவுளச்சீட்டு என்றுதான் சொல்கிறேன். யாருக்கு எந்த மருந்து என்பதைக் கொம்பியூட்டர் சீட்டுக் குலுக்கிற மாதிரித் தீர்மானிக்கும்.

ஏன் டொக்டரே பார்த்துப் பிரிக்கக் கூடாது? பாம்புக்கடிக்கு ஒரு புது மருந்து வந்தது என்று வையுங்கள். கிளிநொச்சி ரவுணில் கடிபட்டவர் கால் மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரியில் நிற்பார். துணுக்காய்க் காட்டோரத்தில் இரவு கடிபட்டவர் உழவு இயந்திரம் பிடித்து, வாகனம் மாறி வந்துசேர நேரம் போய்விடும். புது மருந்து ரவுண்காரருக்கும் பழையது துணுக்காய்க்காரருக்கும் போனால், புது மருந்து அற்புதமாகத்தான் தெரியும். உண்மையில் வென்றது தார் ரோட்டு. சீட்டுக் குலுக்கினால் கிட்ட உள்ளவர், தூர உள்ளவர், கிழவர், இளையவர் எல்லாம் இரண்டு பக்கமும் கலந்துவிடுவார்கள்.

எந்த மருந்து என்று உங்களுக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது என்றால் அது இருபக்க மறைப்பு. புது மருந்து என்று தெரிந்தாலே எங்களுக்குப் பாதிச் சுகம் வந்த மாதிரி இருக்கும், டொக்டரின் கண்ணும் நல்லதையே தேடும். அந்த மயக்கத்தைத் தவிர்க்கத்தான் மறைப்பு. அவசரம் வந்தால் எந்த மருந்து என்று உடனே உடைத்துப் பார்க்க வழி வைத்திருப்பார்கள். எல்லாச் சோதனையிலும் மறைப்பு இருக்காது, ஒரு குளிசையையும் சத்திரசிகிச்சையையும் ஒப்பிட்டால் எப்படி மறைக்கிறது?

வெறும் மாக்குளிசையைத் தந்து பேய்க்காட்டுவினமோ?

மருந்தில்லாத போலிக் குளிசை சில சோதனைகளில் இருக்கும். ஆனால் அது இருக்கிறது என்று முதலே சொல்லித்தான் சம்மதம் எடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால்தான் பேய்க்காட்டுவது. பலன் உறுதியான மருந்து இருக்கும் கடும் வருத்தத்துக்கு, அதை நிறுத்திவிட்டு வெறும் மாவைக் கொடுத்து உங்களை ஆபத்தில் விட முடியாது. பெரும்பாலும் வழமையான மருந்து எல்லாருக்கும் உண்டு, அதற்கு மேலே ஒரு பக்கத்துக்குப் புது மருந்து, மறு பக்கத்துக்குப் போலி.

பாம்புக்கடிச் சோதனையிலும் போலி மருந்து இருந்தது. அது ஒவ்வாமையைத் தடுக்கும் ஊசிக்குப் பதிலாகத்தான், விஷமுறிவு மருந்துக்குப் பதிலாக இல்லை.

கையெழுத்து வைச்சிட்டன். இனி விலகேலாதோ?

விலகலாம். எப்போதும் விலகலாம், காரணம் சொல்லவும் தேவையில்லை.

இதை எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் ஆட்கள் நம்புவதில்லை, அவர்கள் மேல் பிழை இல்லை. வன்னியில் நாங்கள் வைத்த கையெழுத்துகள் கொஞ்சமா? நிவாரண அட்டைக்கு, முகாம் பதிவுக்கு, மீள்குடியேற்றத்துக்கு, வீட்டுத்திட்டத்துக்கு. பிறகு நுண்கடன்காரர் வந்து கூட்டத்தில் வைத்து வாங்கிய கையெழுத்து, வருடக்கணக்காக வாசலில் வந்து நின்றது. ஒரு இடத்தில் வைத்தால் அது எங்களைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் பழகியிருக்கிறோம். சம்மதப் பத்திரம் அந்தச் சாதி இல்லை. அது ஒப்பந்தம் அல்ல. விளங்கப்படுத்தினார்கள், விளங்கியது, விரும்பிச் சேர்ந்தேன் என்பதற்கு ஒரு பதிவு, அவ்வளவுதான். ஆராய்ச்சிக்காரரைக் கட்டுகிற தாள் என்று நினைத்தால் சரியாக இருக்கும்.

இரண்டு விஷயம். மருந்தைத் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், சில மருந்தைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். போன் எடுத்து விலகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். மற்றது, அதுவரை எடுத்த தகவலை என்ன செய்வார்கள் என்பது தாளில் இருக்கும், சேர முன்னமே அதைப் பாருங்கள். அந்தத் தாளில் ஒரு பிரதி உங்களுக்குச் சொந்தம். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் வைச்சு விடலாமோ?

உங்கள் கையெழுத்து அம்மாவின் சம்மதம் ஆகாது. அவருக்கு நல்ல நிதானம் இருந்தால் முடிவு அவருடையதுதான். தாள் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், கேள்வி கேட்க விட வேண்டும், பிறகு அவர் கைநாட்டு வைக்கலாம். ஆராய்ச்சியோடு சம்பந்தப்படாத ஒருவர் முழுநேரமும் பக்கத்தில் இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் அந்தச் சாட்சியாக இருக்கலாம்.

தாள் தமிழில் இருக்க வேண்டும். சிங்களத்தில் தந்துவிட்டு, "இதில ஒண்டுமில்லை, சும்மா வையுங்கோ" என்றால் வைக்காதீர்கள். தமிழில் இருந்தும் விளங்காவிட்டால் அது எழுதினவரின் குறை. எழுமாற்று அம்மா செய்ததுபோல இடையில் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

மாட்டன் எண்டால் டொக்டர் கோவிப்பாரோ? பிறகு கிளினிக்கில கவனிக்காமல் விட்டால்?

மாட்டேன் என்பதால் உங்கள் வழமையான சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது. இது எல்லாச் சம்மதப் பத்திரத்திலும் எழுதியிருக்கும். எழுதியிருப்பது ஒன்று, எங்கள் மனம் வேறு என்பதும் தெரியும். உயிரைக் காப்பாற்றின டொக்டர் முகத்துக்கு நேரே கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழும்பாது. நான் பார்த்தவர்களில் பலர் ஓம் சொன்னது மருந்துக்காக இல்லை, மரியாதைக்காக.

நேரே சொல்லக் கஷ்டமாக இருந்தால், "வீட்டில கதைச்சிட்டு அடுத்த கிளினிக்குக்குச் சொல்லுறன்" என்று தாளைக் கொண்டு வந்துவிடுங்கள். அவசரச் சிகிச்சை இல்லாத சோதனைக்கு அந்த நேரம் தரத்தான் வேண்டும்.

காசு தருவினமோ? இல்லை நாங்கள் கட்ட வேணுமோ?

சோதனை மருந்துக்கும் அதற்கான பரிசோதனைகளுக்கும் பொதுவாக நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. பஸ் காசு, சாப்பாடு, கூலி போன நாளுக்கு ஏதாவது தருவார்கள். பெரிய தொகை தர ஒழுக்கவியல் குழு விடாது, காசுக்காக ஆபத்தை ஏற்கிற நிலை வரக் கூடாது என்பதற்காக. யாராவது உங்களிடம் காசு கேட்டால், கீழே ஏமாற்றைக் கண்டுபிடிப்பது பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?

ஆராய்ச்சியை நடத்துகிறவர்களும் அதற்குப் பணம் போடுகிறவர்களும். பாதிப்பு வந்தால் எங்கே சிகிச்சை, யார் செலவு, இழப்பீடு உண்டா என்பது சம்மதப் பத்திரத்தில் இருக்க வேண்டும். நான் யாருக்காவது தாளை வாசித்தால் முதலில் தேடுவது அந்தப் பந்தியைத்தான். அது மழுப்பலாக இருந்தால் பேனாவை மூடி வையுங்கள்.

24 மணித்தியாலமும் எடுக்கக்கூடிய போன் இலக்கம் ஒன்றும் தாளில் இருக்கும். ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ இருக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரவு உடம்பு தடித்தால் முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தாளையும் குளிசையையும் கொண்டு போங்கள். அங்கே நிற்கிற டொக்டருக்கு உங்கள் சோதனையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது, அந்த இலக்கத்துக்கு அவர் எடுத்துக் கேட்பார்.

எங்கட பேர் விபரம் ஆமிக்கு, சி.ஐ.டி.க்குப் போகுமோ?

வேறு ஊர்க்காரர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், நான் சிரிப்பதில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த வருடம் எங்கே இருந்தீர்கள் என்று எழுதிக் கொடுத்த பட்டியல்கள் எங்களைப் பின்தொடர்ந்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஒழுங்கான சோதனையில் உங்கள் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு இலக்கம் போடுவார்கள். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியல் தனியே பூட்டி இருக்கும். சரியாக நடக்கிறதா என்று பார்க்க வரும் கண்காணிப்பாளரும், ஒழுக்கவியல் குழுவும், மருந்து அதிகாரசபையும் உங்கள் கோவையைப் பார்க்கலாம், அதையும் தாளில் சொல்லியிருப்பார்கள். வருத்தத்தோடு சம்பந்தமில்லாத கேள்வி, உதாரணத்துக்கு 2009 இல் எங்கே நின்றீர்கள் என்று வந்தால், ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லாமலும் விடலாம்.

வீட்டில கசாயம் குடிக்கிறன். சொன்னால் ஏசுவினம், சொல்லாமல் விடட்டோ?

சொல்லுங்கள். கசாயமும் மருந்துதான், உள்ளே போனால் மற்ற மருந்தோடு சண்டை பிடிக்கக்கூடும். ஏச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பரியாரியாரிடம் வாங்கின எண்ணெய், கடையில் வாங்கின சத்துமா, பக்கத்து வீட்டார் தந்த மூட்டுவலிக் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போய்க் காட்டுவதுதான் சுலபம்.

மகள் பிள்ளைத்தாச்சி. சேரலாமோ? சின்னப் பிள்ளையள் எண்டால்?

கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கிறவர்களையும் பல சோதனைகளில் சேர்க்க மாட்டார்கள், அவர்களுக்கென்றே நடத்தும் சோதனைகள் வேறு. சேர்ந்திருக்கும்போது கருத்தரிக்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தால் வெட்கப்படாமல் விளக்கம் கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். விளங்கும் வயதுப் பிள்ளை என்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.

ஆள் மயங்கிக் கிடக்கேக்க ஆரிட்ட சம்மதம் எடுக்கிறது?

இது உண்மையிலேயே சிக்கலான கேள்வி. கடிபட்டோ விபத்திலோ வந்தவருக்கு நிதானம் இல்லாவிட்டால் அவருக்காகப் பேசக்கூடிய நெருங்கிய உறவினரிடம் கேட்பார்கள். யாரும் இல்லை, காத்திருக்கவும் முடியாது என்றால், அப்படியான நிலைக்கு ஒழுக்கவியல் குழு முன்கூட்டியே அனுமதி கொடுத்த சோதனையில் மட்டும் தொடங்கலாம். ஆள் தெளிந்ததும், அல்லது உறவினர் வந்ததும், கேட்க வேண்டும். அப்போது வேண்டாம் என்றால் விலகுவது, கையெழுத்துக் கேள்வியில் சொன்னதுபோலத்தான்.

நீங்கள் வாட்டு வாசலில் நிற்கும் உறவினர் என்றால், எனக்கு எது விருப்பம் என்று யோசிக்காதீர்கள். அவர் எழும்பி இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள். அந்த நேரத்தில் அது லேசு இல்லை.

ட்ரையல் முடிஞ்ச பிறகும் அந்த மருந்து கிடைக்குமோ?

எப்போதும் இல்லை, ஏமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். ஒரு வருடம் புது மருந்தால் நல்ல சுகம், சோதனை முடிந்ததும் பழைய குளிசை. அரச ஆஸ்பத்திரி மருந்துப் பட்டியலில் அது இல்லையென்றால் வெளியே வாங்க வேண்டிவரும், வெளியேயும் இல்லாமல் போகலாம். முடிந்த பின் என்ன ஏற்பாடு என்பதைத் தொடங்க முன்னமே தீர்மானித்துச் சொல்ல வேண்டும் என்று ஹெல்சிங்கிப் பிரகடனம் கேட்கிறது. சேரும் நாளில் கேளுங்கள். கடைசி நாளில் கேட்டுப் பலன் இல்லை.

உண்மையான ட்ரையலோ, ஏமாத்தோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இலங்கையில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிய ஒரு பதிவேடு இருக்கிறது. இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல் தொடங்கியது, உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. எஸ்.எல்.சி.டி.ஆர். (SLCTR) என்று தொடங்கி, வருடமும் இலக்கமும் வரும் ஒரு பதிவெண் கொடுப்பார்கள். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லும். பல நாடுகளில் ஒன்றாக நடக்கும் சோதனை வேறு நாட்டுப் பதிவேட்டிலும் இருக்கலாம். பதிவெண்ணே இல்லாத மருந்துச் சோதனை என்றால் யோசியுங்கள்.

வைபரில், பேஸ்புக்கில் "புதிய ஆராய்ச்சி மருந்து, சீனி வருத்தம் 40 நாளில் முற்றாக மாறும், முதல் 100 பேருக்குப் பாதி விலை" என்று வருவது ட்ரையல் இல்லை, வியாபாரம். சுகம் நிச்சயம் என்று சொல்கிறவர் சோதனை நடத்தவில்லை. நிச்சயம் என்றால் எதற்குச் சோதனை?

நீங்கள் எண்டால் சேருவீங்களோ?

என் அம்மாவுக்கு இரண்டு தடவை தாள் வந்தது. முதல் தடவை மாதத்தில் இரண்டு முறை யாழ்ப்பாணம் போக வேண்டும். விடிய நாலரைக்கு எழும்பிப் பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்து, பின்னேரம் வந்துசேர வேண்டும். வேண்டாம் என்றார். டொக்டர் "சரி அம்மா" என்று சொல்லி, வழமையான குளிசையை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அவரிடம்தான் போகிறோம்.

இரண்டாவது ஊர்க் கிளினிக்கிலேயே நடந்தது. ஏற்கெனவே பாவனையில் இருக்கும் இரண்டு பிரஷர் குளிசைகளில் எது நல்லது என்று ஒப்பிடுகிற சோதனை. நான் பதிவெண்ணைத் தேடிப் பார்த்தேன், இழப்பீட்டுப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன், நல்லாக விளங்கப்படுத்தினேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"இதுக்கும் தேத்தண்ணி குடிக்காமல் போகவேணுமோ?"

தேவையில்லை என்றதும் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கையெழுத்து வைத்தார்.